ஒரு ஏர்லைன் டிக்கெட், இன்னொரு ஏர்லைன் பிளேன்: வேலூர்ல இருந்து வெளிநாடு போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வேலூர்ல ஃப்ளைட் டிக்கெட் போட்டுக் குடுக்குற வேலை என்னோடது. காந்தி நகர், சத்துவாச்சாரி பக்கம் இருந்து அமெரிக்காவுல இருக்குற புள்ளைங்களைப் பார்க்கப் போற அப்பா அம்மாங்க, விஐடி முடிச்சிட்டு மாஸ்டர்ஸ் படிக்கப் போற பசங்க, ஆம்பூர் ராணிப்பேட்டை லெதர்காரங்க, மேல்விஷாரம் வாணியம்பாடில இருந்து துபாய் தோஹா போறவங்க, இவங்கதான் அதிகம் வருவாங்க. ஊருக்குத் திரும்பி வந்ததும் நிறைய பேர் கேக்குறது ஒரே விஷயம். "நல்ல கம்பெனின்னு பேரைப் பார்த்து காசு கட்டினோம், பாதி வழியில வேற கம்பெனி பிளேன்ல ஏத்திட்டாங்க, சாப்பாடு வேற, சீட்டு வேற, கவனிப்பும் வேற, இது என்ன நியாயம்?" இந்தக் கேள்விக்கு போன்ல அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லி முடியல, அதனால எல்லாத்தையும் எழுதிட்டேன்.

கோட்ஷேர் கோட்ஷேர்ங்கறாங்களே, அது என்ன?

ஒரு ஏர்லைன் ஓட்டுற பிளேன்ல இன்னொரு ஏர்லைன் தன்னோட நம்பரைப் போட்டு டிக்கெட் விக்கிறது. விக்கிறவங்க ஒருத்தர், ஓட்டுறவங்க ஒருத்தர். உதாரணத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட் சிகாகோ ரூட்டை எடுத்துக்கங்க, அதுல லுஃப்தான்சாவும் பறக்குது, யுனைடெட்டும் பறக்குது, ரெண்டு பேரும் மத்தவங்க பிளேன்லயும் தன்னோட நம்பரை வெச்சு விக்கிறாங்க. நீங்க யுனைடெட் நம்பர்ல டிக்கெட் வாங்கி இருந்தாலும் ஏறுறது லுஃப்தான்சா பிளேனா இருந்தா, உள்ள ஜெர்மன் க்ரூ, லுஃப்தான்சா சாப்பாடு, லுஃப்தான்சா சீட்டு, எல்லாமே அவங்களோடது. யுனைடெட்டுக்கு அங்க நம்பர் மட்டும்தான்.

இன்டர்லைன்னு ஒன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒன்னா?

இல்ல. இன்டர்லைன்ல ஒவ்வொரு ஃப்ளைட்டும் அதோட சொந்த நம்பர்லயே இருக்கும், டிக்கெட்டும் லக்கேஜும் மட்டும் சேர்ந்து போகும். அதுல ஏமாற வழி இல்ல, பேரு வெளிப்படையா இருக்கும்.

டிக்கெட்ல இதை எங்க பார்க்கணும்?

நீங்க வாங்குன இ-டிக்கெட் பேப்பரைக் கையில எடுங்க. மேல பிஎன்ஆர், அதாவது புக்கிங் நம்பர், ஆறு எழுத்து. கீழ ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் ரெண்டு எழுத்து, பக்கத்துல நம்பர். அதுக்கும் கீழ சாம்பல் கலர்ல, மத்த எழுத்தைவிடப் பொடியா, "ஆபரேட்டட் பை"ன்னு ஒரு வரி இருக்கும், அதுக்குப் பக்கத்துல இருக்குற பேருதான் நிஜமான பிளேன்காரன். முக்கியமான வரியை யாரும் படிக்க முடியாத சைஸ்ல போடுறாங்க, வயசானவங்க கண்ணாடி போட்டுகிட்டே படிக்க முடியல, இது எனக்கு நிஜமாவே கோபம் வர்ற விஷயம். ஃப்ளைட் நம்பர் நாலு இலக்கமா இருந்தா கோட்ஷேரா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, அந்தப் பொடி எழுத்தைப் படிங்க.

இன்னொன்னு, 13 இலக்க டிக்கெட் நம்பர்னு ஒன்னு இருக்கும், அதுல முதல் மூணு இலக்கம் டிக்கெட் எந்த ஏர்லைனோடதுன்னு சொல்லிடும். 098 ஏர் இந்தியா, 220 லுஃப்தான்சா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 157 கத்தார், 176 எமிரேட்ஸ். தேதி மாத்துறதோ ரீஃபண்டோ இந்த நம்பர்காரங்ககிட்டதான் போகும். சாப்பாடு, சீட்டு, வீல்சேர் எல்லாம் பிளேன்காரங்ககிட்ட. இந்த வித்தியாசத்தை மட்டும் புரிஞ்சிக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

ரெண்டு ஏர்லைனும் ஒரே அலையன்ஸ்தானே சார், அப்ப சர்வீஸ் ஒரே மாதிரி இருக்க வேணாமா?

எல்லாரும் நினைக்கிறது இதுதான், விளம்பரம் பண்றதும் அப்படித்தான். அலையன்ஸ்னா ஏர்லைன் கம்பெனிங்க சேர்ந்து வெச்சிருக்குற கூட்டணி. ஸ்டார் அலையன்ஸ் 1997ல ஆரம்பிச்சது, ஒன்வேர்ல்ட் 1999, ஸ்கைடீம் 2000. ஏர் இந்தியா 2014 ஜூலைல ஸ்டார் அலையன்ஸ்ல சேர்ந்தது. இந்தக் கூட்டணி எல்லாம் ஒத்துக்கிட்ட விஷயம் சிலது இருக்கு, லக்கேஜை கடைசி ஊர் வரைக்கும் போட்டு விடுறது, ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் மதிக்கிறது, அடிக்கடி பறக்குறவங்களுக்குக் குடுக்குற ஸ்டார் கோல்டு கார்டு வெச்சிருந்தா எந்த மெம்பர் ஏர்லைன்ல போனாலும் லவுஞ்சு, முன்னாடி போர்டிங், கூடுதல் லக்கேஜ், இதெல்லாம் தரையில நடக்குறது. மேல ஏறி கதவைச் சாத்தின பிறகு என்ன சாப்பாடு, எத்தனை தடவை தண்ணி, சீட்டுக்கு நடுவுல எவ்வளவு கேப்பு, இதுல கூட்டணிக்குப் பெருசா பிடி இல்ல. பிளேன் அவங்கவங்க காசு போட்டு வாங்குனது, க்ரூ அவங்கவங்க கம்பெனி வேலை முறையில வேலை செய்யறவங்க, சாப்பாடு கிளம்புற ஊர்ல இருக்குற கிச்சன்ல இருந்து வர்றது. சென்னைல இருந்து கிளம்பும்போது இட்லியோ பொங்கலோ கிடைக்கும், அதே ஏர்லைன் ஐரோப்பால இருந்து திரும்பும்போது அங்க சமைச்சதுதான் வரும், ஒரே கம்பெனிக்குள்ளயே இப்படின்னா ரெண்டு கம்பெனிக்கு நடுவுல கேக்கவே வேணாம்.

இதுல ஆழமா ஒரு காரணம் இருக்கு. லுஃப்தான்சா யுனைடெட் மாதிரி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மாதிரி, அட்லாண்டிக் ரூட்டுல வருமானத்தைப் பங்கு போட்டுக்குற கம்பெனிங்க இருக்கு. நீங்க யாரு பிளேன்ல உக்காந்தாலும் காசு ஒரே பானைக்குத்தான் போகுது, அதனால யாரு பிளேன்ங்கறது அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல, தொழில்ல இதை மெட்டல் நியூட்ரல்னு சொல்லுவாங்க. ஆனா பத்து மணி நேரம் உள்ள உக்காந்து போறவங்களுக்கு அது பெரிய விஷயம். வருமானத்தைச் சமமாப் பங்கு போடத் தெரிஞ்சவங்க அந்த ரூட்டுல சாப்பாட்டையும் கவனிப்பையும் சமமா வெக்க முடியாதான்னு நான் கேக்குறேன். முடியும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நம்பர்ல டிக்கெட் வாங்கி அது அவங்களோட கம்மி விலை கம்பெனி ஸ்கூட் பிளேனா இருந்தா, ஸ்கூட் வழக்கமா காசுக்கு விக்கிற சாப்பாடும் லக்கேஜும் அந்த டிக்கெட்டுக்குள்ளயே வந்துடும். எமிரேட்ஸ் டிக்கெட்ல ஃப்ளைதுபாய் ஏறுனாலும் அப்படித்தான், சாப்பாடும் எமிரேட்ஸ் லக்கேஜ் அளவும் உண்டு. சீட்டும் ஸ்கிரீனும் ஒரே மாதிரி இருக்காது, ஆனா பசிக்கும் பெட்டிக்கும் பங்கம் இல்லாம பார்த்துக்கறாங்க. மனசு வெச்சா நடக்கும்ங்கறதுக்கு இது ரெண்டும் சாட்சி.

பார்ட்னர் பிளேன் சேஃப்டியா இருக்குமா? அம்மா பயப்படறாங்க.

தைரியமா அனுப்புங்க. சேஃப்டில ஒருத்தரை ஒருத்தர் செக் பண்ணாம நம்பர் குடுக்க மாட்டாங்க, ஐயாட்டான்னு ஏர்லைன்ஸ் எல்லாம் சேர்ந்த சங்கம், அவங்களோட ஐயோசா சேஃப்டி ஆடிட் 2003ல இருந்தே இருக்கு, ஐயாட்டா மெம்பர் ஏர்லைன்ஸ் எல்லாம் அதைப் பாஸ் பண்ணியாகணும். பார்ட்னர் பிளேன்ல சாப்பாடும் கவனிப்பும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான் அப்படி ஒரு கட்டாயம் இல்ல.

சைவ சாப்பாடு சொல்லி வெச்சோம், முதல் ஃப்ளைட்ல வந்தது, ரெண்டாவது ஃப்ளைட்ல இல்லன்னுட்டாங்க. ஏன்?

எனக்கு ரொம்ப வருத்தம் குடுக்குற விஷயம் இதுதான். சத்துவாச்சாரில இருந்து ஒரு அம்மாவை அனுப்பினோம், முட்டைகூட சேர்க்காதவங்க, முதல் தடவை பிளேன் ஏறுறவங்க. முதல் பிளேன்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டு முதல் தட்டே இவங்களுக்குத்தான் குடுத்தாங்க. மாறி ஏறின பார்ட்னர் பிளேன்ல க்ரூ பொண்ணு கையில இருந்த டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, சீட் நம்பரை மறுபடி மறுபடி பார்த்துட்டு, உங்க பேரு இதுல இல்லம்மான்னு சொல்லிட்டாங்க. சிக்கன் இல்லன்னா பாஸ்தா, பாஸ்தால முட்டை இருக்குமான்னு இவங்களுக்குக் கேக்கத் தெரியல, பன்னும் பழமும் சாப்பிட்டுட்டு ஒன்பது மணி நேரம் உக்காந்து போயிருக்காங்க.

காரணம் இதுதான். ஒவ்வொரு ஏர்லைனுக்கும் தனி சிஸ்டம், தனி பிஎன்ஆர். உங்க பேப்பர்ல இருக்குற பிஎன்ஆர் வித்தவங்களோடது, ஓட்டுறவங்ககிட்ட உங்களுக்கு இன்னொரு பிஎன்ஆர் இருக்கும். நாம போட்ட மீல் ரெக்வஸ்ட் ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொன்னுக்கு மெசேஜா போகுது, அங்க அவங்க ஏத்துக்கிட்டாத்தான் கன்ஃபர்ம், நடுவுல நேரம் மாறுனாலோ பிளேன் மாறுனாலோ அது விழுந்துடறது உண்டு. அதனால டிக்கெட் போட்டவங்ககிட்ட பிளேன்காரங்க பிஎன்ஆரைக் கேட்டு வாங்குங்க, அதை வெச்சு அந்த ஏர்லைன் ஆப்ல போய் சாப்பாடு ஏறி இருக்கான்னு உங்க கண்ணால பாருங்க, கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவை திரும்பப் பாருங்க. 24 மணி நேரத்துக்கு உள்ள கேட்டா பெரும்பாலும் முடியாது. கோடும் கவனிச்சுக் கேளுங்க. ஏவிஎம்எல்னா நம்ம ஊர் மசாலா போட்ட சைவம், விஜிஎம்எல்னா பால் தயிர்கூட இல்லாத சைவம், விஜேஎம்எல் ஜைன் சாப்பாடு, விஎல்எம்எல்ல முட்டை வரலாம். வெஜ்னு மட்டும் சொன்னா எது வேணா வரும்.

அதோட வீட்டுல செஞ்ச புளிசாதமோ சப்பாத்தியோ கைப்பையில வெச்சுக்கங்க. இறங்குறதுக்கு முன்னாடி சாப்பிட்டு முடிச்சிடணும், மிச்சத்தை வெளிநாட்டு கஸ்டம்ஸுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

பாய் ஒருத்தர் கேட்டது: ஹலால் எல்லா பிளேன்லயும் இருக்குமா?

எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ்ல குடுக்குற இறைச்சி எல்லாமே ஹலால்தான், தனியா சொல்லத் தேவையில்ல. சிக்கல் எங்கன்னா தோஹா வரைக்கும் கத்தார்ல போயிட்டு அங்க இருந்து அமெரிக்கனோ பிரிட்டிஷ் ஏர்வேஸோ ஓட்டுற பிளேன்ல மாறும்போது. அந்த லெக்குக்கு, அதாவது பயணத்துல அந்த ஒரு ஃப்ளைட்டுக்கு, எம்ஓஎம்எல்னு ஹலால் சாப்பாட்டுக் கோடைத் தனியா போட்டே ஆகணும், முதல் லெக்ல கேக்காமலே கிடைச்சதால எல்லாரும் மறந்துடறாங்க.

லக்கேஜ் கணக்கு யாரோடது?

செக்-இன் பெட்டிக்கு டிக்கெட்லயே எழுதி இருக்கும், 2பிசின்னா ரெண்டு பெட்டி, 30கேன்னா 30 கிலோ. அமெரிக்கா போற வர்ற டிக்கெட்டுக்கு அந்த ஊர் சட்டமே இருக்கு, ஒரே டிக்கெட்ல எத்தனை ஏர்லைன் மாறினாலும் பயணம் முழுக்க ஒரே லக்கேஜ் ரூல்தான். அதனால அங்க உள்ளூர் ஃப்ளைட்ல கவுன்டர்ல காசு கேட்டா டிக்கெட்டைக் காட்டிப் பேசுங்க. முதல்ல இறங்குற அமெரிக்க ஊர்ல பெட்டியை நீங்களே எடுத்து கஸ்டம்ஸ் தாண்டி திரும்பப் போடணும், அதையும் பெரியவங்களுக்குச் சொல்லி அனுப்புங்க.

கைப்பைதான் தகராறு. அதுக்கு கேட்ல நிக்கிற பிளேன்காரங்க ரூல்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமில 7 கிலோ, லுஃப்தான்சால 8 கிலோ, பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல 23 கிலோ வரைக்கும் விடுவாங்க, நீங்களே தூக்கி மேல வெக்க முடிஞ்சா போதும். போற வழியில எந்தப் பிளேன்காரங்களுக்கு அளவு கம்மியோ, அந்த அளவுக்கு பேக் பண்ணுங்க.

ஆம்பூர்ல இருந்து மிலானுக்கு லினியாபெல்லே லெதர் கண்காட்சிக்குப் போறோம். ஃபிராங்க்ஃபர்ட் தாண்டி ஒன்னுமே குடுக்கலையே?

அது பார்ட்னர் தப்பு இல்ல, ஐரோப்பாக்குள்ள குறைஞ்ச தூர எகானமில முறையே அப்படித்தான். லுஃப்தான்சா 2021ல இருந்து அங்க சாப்பாட்டைக் காசுக்குத்தான் விக்குது, ஓசில தண்ணியும் ஒரு சின்ன சாக்லேட்டும்தான். சென்னைல இருந்து வந்த பெரிய பிளேன்ல ரெண்டு வேளை சாப்பாடு குடுத்துட்டு அடுத்த ஒரு மணி நேரத்துல சாக்லேட்டை நீட்டினா யாருக்கும் ஏமாத்தமாத்தான் இருக்கும். அதுவும் சில சமயம் ஏர் டொலோமிட்டின்னு லுஃப்தான்சாவோட இத்தாலி கம்பெனி ஓட்டும், சின்ன பிளேன், பெரிய ட்ராலி பை மேல போகாது. செருப்பு சாம்பிள், லெதர் ஸ்வாட்ச் வெச்சிருக்குற பையை அங்க கீழ போடச் சொல்லி வாங்கிடுவாங்க, சாம்பிள் முக்கியம்னா அதைத் தோள் பையில மாத்தி வெச்சுக்கங்க. மாறுறதுக்கு நேரம் இருந்தா ஃபிராங்க்ஃபர்ட்லயே சாப்பிட்டுடுங்க.

அப்பாவுக்கு வீல்சேர் போட்டோம், ரெண்டாவது ஏர்போர்ட்ல யாரும் வரல.

மீலுக்குச் சொன்ன அதே காரணம்தான், மெசேஜ் போய்ச் சேரல. சிஎம்சில மூட்டு ஆபரேஷன், ஹார்ட் ஆபரேஷன் பண்ணிட்டு ஊருக்குப் போறவங்களுக்கு இதை நான் ரெண்டு மூணு தடவை செக் பண்ணித்தான் அனுப்புவேன். வீல்சேர்ல மூணு வகை இருக்கு, டபிள்யூசிஎச்னு ஆரம்பிக்கிற கோடு. கடைசி எழுத்து ஆர்னா தூரம் நடக்க முடியாது ஆனா படி ஏறுவாங்க, எஸ்னா படி ஏற முடியாது, சின்னா சீட்டு வரைக்கும் தூக்கித்தான் உக்கார வெக்கணும். சும்மா வீல்சேர்னு போட்டா ஆர் போட்டுடறாங்க, பார்ட்னர் பிளேன் சின்னதா இருந்து ஏணி வெச்சு ஏறுற மாதிரி இருந்தா அங்க மாட்டிக்குவாங்க. முட்டி வலி இருந்தாலே எஸ் போடச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

ஆக்சிஜன் மெஷின் எடுத்துட்டுப் போறவங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுக்குற மெடிஃப் ஃபார்ம் வேணும், அதுக்கு ஒவ்வொரு பிளேன்காரங்ககிட்டயும் தனித்தனியா அப்ரூவல் வாங்கணும். ஒருத்தர் ஓகே சொன்னது இன்னொருத்தரைக் கட்டுப்படுத்தாது.

ஒரே ஏர்லைனுக்குள்ளயே வித்தியாசம் வருதே?

வருது. விஸ்தாரா 2024 நவம்பர்ல ஏர் இந்தியாவோட சேர்ந்தது, சேர்ந்தப்ப அந்தப் பிளேன் ஓடுன ஃப்ளைட்டுக்கு எல்லாம் 2ல ஆரம்பிக்கிற நாலு இலக்க நம்பர் குடுத்தாங்க, விஸ்தாரா பிளேன்தான் வேணும்னு அதைப் பார்த்தே பசங்க டிக்கெட் கேப்பாங்க. இண்டிகோ 2025ல நார்ஸ்னு நார்வே கம்பெனியோட பெரிய போயிங் 787 பிளேனை பைலட்டோட வாடகைக்கு எடுத்து மும்பைல இருந்து மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாம் விட்டாங்க, வழக்கமா காசுக்கு சாப்பாடு விக்கிற இண்டிகோ அந்த ரூட்டுல சூடான சாப்பாட்டை டிக்கெட்லயே சேர்த்துக் குடுத்தாங்க. அதனால ஏர்லைன் பேரோட சேர்த்து பிளேன் டைப்பையும் பாருங்க.

லேட்டானா நஷ்ட ஈடு யாரு குடுக்கணும்?

ஐரோப்பிய யூனியன் ரூல்ல பிளேன் ஓட்டினவங்க. ஐரோப்பால இருந்து கிளம்புற எந்த ஏர்லைனுக்கும் அது உண்டு, ஆனா நம்ம ஊர்ல இருந்து அங்க போற பக்கம் ஐரோப்பிய கம்பெனி ஓட்டினாத்தான் உண்டு. சென்னை ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி நீண்ட தூரத்துக்கு, மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டா போய்ச் சேர்ந்து, தப்பு அவங்களோடதா இருந்தா 600 யூரோ வரைக்கும் வரும். ஒரே காசுக்கு ஒரே நாள்ல லுஃப்தான்சா நம்பர் போட்ட ரெண்டு டிக்கெட் இருக்கு, ஒன்னு அவங்க பிளேன், இன்னொன்னு டெல்லி வழியா ஏர் இந்தியா பிளேன்னா, போற பக்கம் இந்த உரிமை முதல் டிக்கெட்டுக்குத்தான். சாப்பாடு மட்டும் இல்ல, சட்டமும் பிளேனோட சேர்ந்து மாறுது, இதை யாருமே சொல்றது இல்ல.

பெட்டி தொலைஞ்சா?

கடைசி லெக் ஓட்டினவங்க கவுன்டர்ல, வெளிய வர்றதுக்கு முன்னாடியே, பிஐஆர்னு பெட்டி புகார் ஃபார்மைப் போட்டுடுங்க. உடைஞ்சிருந்தா 7 நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும், லேட்டா வந்ததுக்கு கையில கிடைச்ச நாள்ல இருந்து 21 நாள். மான்ட்ரியல் ஒப்பந்தம்னு சர்வதேச விமானப் பயண ஒப்பந்தம் இருக்கு, அதுப்படி டிக்கெட் வித்தவங்க, ஓட்டினவங்க ரெண்டு பேருல யாரை வேணா கேக்கலாம், "அவங்ககிட்ட போங்க"ன்னு தள்ளி விட்டா இந்தப் பேரைச் சொல்லுங்க.

மைல்ஸ் ஏறுமா?

மைல்ஸ்னா அடிக்கடி பறக்குறவங்களுக்கு ஏர்லைன் சேர்த்துக் குடுக்குற பாயின்ட். ஏறும், ஆனா கம்மியா ஏறலாம். பார்ட்னர் பிளேனுக்குத் தனி டேபிள் இருக்கும், டிக்கெட் எந்த வகைன்னு சொல்ற புக்கிங் கிளாஸ் எழுத்தைப் பார்த்துட்டு வாங்குங்க.

அப்ப பார்ட்னர் பிளேனே வேணாம்னு விட்டுடலாமா? காசு கூடக் குடுத்து ஒரே ஏர்லைன்ல போகலாமா?

ஆளைப் பொறுத்து. படிக்கப் போற பசங்களுக்கு நான் பார்ட்னர் டிக்கெட்டையே போட்டுக் குடுப்பேன், மிச்சமாகிற காசுக்கு அங்க ஒரு மாச மளிகை ஆகும். அறுபது தாண்டின அப்பா அம்மா தனியா போனா, ரெண்டு லெக்கும் ஒரே கம்பெனி ஓட்டுற மாதிரி பாருங்க, பத்தாயிரம் கூட ஆனாலும் பரவாயில்லன்னு சொல்லிடுவேன், ஒரு தடவை சொன்ன சாப்பாடும் வீல்சேரும் கடைசி வரைக்கும் கூடவே போகும். அது கிடைக்கலன்னா நீளமான லெக் எதுவோ அது நீங்க நம்புற கம்பெனி பிளேனா இருக்கணும், சின்ன லெக்ல கொஞ்சம் அனுசரிச்சுக்கலாம். காசு கட்டுறதுக்கு முன்னாடி டிக்கெட் போடுறவங்ககிட்ட, அது நானா இருந்தாலும் சரி, "ஒவ்வொரு லெக்கும் யாரு பிளேன்?"னு வாய் விட்டுக் கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது எங்க கடமை.

சர்வீஸ் சரியில்லன்னா கம்ப்ளெயின்ட் யாருக்கு எழுதணும்?

ரெண்டு பேருக்கும். ஓட்டினவங்களுக்கு நடந்ததை எழுதுங்க, தேதி, ஃப்ளைட் நம்பர், சீட் நம்பர், க்ரூ என்ன சொன்னாங்க, அவ்வளவும். வித்தவங்களுக்கு அதோட காப்பி, கூடவே ஒரு வரி, உங்க பேரைப் பார்த்துத்தான் வாங்கினேன்னு. மீல் கன்ஃபர்ம் ஆன ஸ்கிரீன்ஷாட்டும் போர்டிங் பாஸும் இருந்தா சேர்த்து வைங்க, அது இல்லாம எழுதினா சாரின்னு ஒரு ரெடிமேட் மெயில்தான் வரும். இங்கிலீஷ்ல எழுத வரலன்னா தமிழ்ல எழுதிக் கடைக்குக் கொண்டு வாங்க, நான் மாத்தி அனுப்பித் தர்றேன், அதுக்குக் காசு வேணாம்.